கல்லில் எழுதிய அரசு: மாமன்னன் இராஜராஜ சோழனின் வாழ்க்கை

இடைநிலைப் பள்ளியில் வரலாறு படித்த நம் அனைவருக்கும் ரோமானிய நாகரிகம் தெரிந்த பாடம்தான். சிறு நகரமாகத் தொடங்கிய ரோம் குடியரசாக வளர்ந்து, பின்னர்ப் பேரரசாக மாறியதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். கி.மு. 27-இல் அகஸ்டஸ் என்ற பட்டத்தை ஏற்ற ஒக்டேவியன், பழைய செனட் சபையைக் கலைக்காமலேயே அதிகாரம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தான் என்று மலாய் மொழியில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அந்த அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14-ஆம் ஆண்டு. தஞ்சையிலிருந்து ஆண்ட முதலாம் இராஜராஜ சோழன் இறந்தது கி.பி. 1014-ஆம் ஆண்டு. இருவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள்.

ஆண்டுக் கணக்கு தற்செயலானது. ஆனால் இருவரும் செய்த வேலையில் இருக்கும் ஒற்றுமை சிந்திக்கத் தக்கது. இருவரும் குடும்பத்தில் நடந்த ஒரு கொலைக்குப் பின்னர் ஆட்சிக்கு வந்தவர்கள். இருவரும் பழைய அமைப்புகளை இடிக்காமல் அவற்றின்மேல் புதிய அரசைக் கட்டினார்கள். இருவரும் எண்ணினார்கள், அளந்தார்கள், எழுதிவைத்தார்கள். அகஸ்டஸின் சாதனைப் பட்டியல் இன்றைய துருக்கியின் அங்காரா நகரில் ஒரு கோயிற் சுவரில் இன்னும் இருக்கிறது. இராஜராஜனின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் இருக்கிறது.

நம்மில் பலர் இராஜராஜனை அறிந்தது கல்கியின் பொன்னியின் செல்வன் வழியாகவோ, 1973-இல் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த திரைப்படத்தின் வழியாகவோ, 2022-இலும் 2023-இலும் வந்த மணிரத்னத்தின் படங்கள் வழியாகவோதான். கதையில் வரும் அருள்மொழிவர்மன் அழகன், வீரன். கல்வெட்டில் வரும் இராஜராஜனோ அவற்றோடு ஒரு கணக்கனும்கூட. அந்தக் கணக்கனைப் பற்றியதே இக்கட்டுரை.

முடிக்கு முன் காத்திருப்பு

ஏறத்தாழ கி.பி. 850-இல் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியபோது சோழர் ஒரு சிறு அரசர் குடியினரே. அவனுக்குப் பின் ஆதித்தன், முதலாம் பராந்தகன் ஆகியோர் நாட்டை விரித்தனர். ஆனால் 949-இல் தக்கோலம் போரில் இராஷ்டிரகூடர்களிடம் சோழப்படை தோற்றது. இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் சோழ நாடு சுருங்கிக் கிடந்தது.

இந்தச் சூழலில்தான் இரண்டாம் பராந்தகனான சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் ஐப்பசிச் சதயத்தில் ஒரு மகன் பிறந்தான். பெயர் அருள்மொழி. அண்ணன் ஆதித்த கரிகாலன்; அக்காள் குந்தவை. அண்ணன் பட்டத்துக்கு உரியவன், பாண்டியனோடு போரிட்டு வென்றவன். ஆகவே தம்பி அரசனாவான் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இக்கொலையைப் பதிவு செய்திருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதலாகி விற்கப்பட்டதையும் அது சொல்கிறது. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. நாவலாசிரியர்கள் நிரப்பியது அந்த வெற்றிடத்தைத்தான்.

மகனை இழந்த சுந்தர சோழன் சில காலத்தில் காஞ்சிப் பொன்மாளிகையில் மறைந்தான். வானவன் மாதேவி கணவனோடு உடன்கட்டை ஏறினாள். அண்ணன், தந்தை, தாய் என மூவரையும் இழந்த அருள்மொழி அடுத்த அரசனாகியிருக்கலாம். ஆனால் முடி சூடியவன் அவனுடைய சிற்றப்பன் முறையான உத்தம சோழன். சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு தனக்கு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அது பெருந்தன்மையா, அரசியல் உடன்பாடா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியாயினும், உள்நாட்டுப் போர் ஒன்று தவிர்க்கப்பட்டது. 985-ஆம் ஆண்டின் நடுவில் அருள்மொழி அரியணை ஏறினான்.

அவன் பழிவாங்கும் அரசனாக இருந்திருந்தால் உத்தம சோழனின் குடும்பம் அன்றே அழிந்திருக்கும். நடந்தது வேறு. உத்தம சோழனின் தாயான செம்பியன் மாதேவி, அவனுடைய ஆட்சியிலும் மதிப்போடு வாழ்ந்து கோயில் திருப்பணி செய்தாள். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் கோயில்களின் நிர்வாகத்தை ஆராயும் உயர் அதிகாரியாகப் பணியாற்றினான். போட்டியாளனின் மகனுக்குக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்த அரசர்கள் உலக வரலாற்றில் அதிகம் இல்லை.

வாளும் அதன் விலையும்

ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே சேர நாட்டுக் காந்தளூர்ச் சாலை மீது படையெடுத்தான். பாண்டிய நாடு அவன் வசமாயிற்று. இலங்கையில் ஐந்தாம் மகிந்தனின் அரசு தன் படையினரின் கலகத்தாலேயே தள்ளாடிக்கொண்டிருந்த வேளையில், ஏறத்தாழ 993-இல் சோழர் படை அங்கே இறங்கியது. பல நூற்றாண்டுகள் தலைநகராக இருந்த அநுராதபுரம் அழிந்தது. பொலன்னறுவை புதிய தலைநகராயிற்று. கங்கபாடி, நுளம்பபாடி, வேங்கை நாடு, கொல்லம், கலிங்கம் என்று பட்டியல் நீண்டது. இறுதியாகக் கடலில் உள்ள பழந்தீவுகள் பன்னீராயிரமும் அதில் சேர்ந்தன. அவை இன்றைய மாலைத்தீவுகள் என்பது அறிஞர் கருத்து.

வேங்கி நாட்டில் அவன் வாளோடு உறவையும் பயன்படுத்தினான். அரசுரிமைப் போட்டியில் தோற்றுவந்த சக்திவர்மனுக்கு ஆதரவு தந்து அரியணையில் அமர்த்தினான். சக்திவர்மனின் தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகளை மணமுடித்துக் கொடுத்தான். அவளுக்கும் அத்தையின் பெயரே, குந்தவை.

இந்த வெற்றிகளைப் பேசும்போது நம் மார்பு சற்று விம்முவது இயல்பு. ஆனால் வரலாற்று மாணவன் மறுபக்கத்துக் கல்லையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனின் நாட்டுக்குள் சோழர் படை ஒன்பது இலட்சம் பேரோடு நுழைந்து, நாட்டைச் சூறையாடி, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாக அது முறையிடுகிறது. எதிரியின் எழுத்து என்பதால் எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அழுத குரலைப் பொய் என்று தள்ளவும் முடியாது. அநுராதபுரத்தின் அழிவையும் இலங்கை மக்கள் மறக்கவில்லை. ரோமப் பேரரசின் சாலைகளைப் புகழும் நூல்கள் அச்சாலைகளில் நடத்திச் செல்லப்பட்ட அடிமைகளையும் சொல்கின்றன. நம் அரசனுக்கும் அதே அளவுகோல்தான்.

நிலத்தை அளந்தவன்

நாடு பிடித்த அரசர்கள் பலர். பிடித்ததை ஆளத் தெரிந்தவர்கள் சிலர். இராஜராஜனின் உண்மையான மாற்றம் போர்க்களத்தில் நிகழவில்லை, வயல்வெளியில் நிகழ்ந்தது.

அவனுக்கு முன்னர்ச் சோழ அரசு பல குறுநில மன்னர்களின் தோளில் நின்றது. பழுவேட்டரையர், மலையமான், கொடும்பாளூர் வேளிர் போன்றோர் தத்தம் பகுதியை ஆண்டு, சோழனுக்குப் படையும் திறையும் தந்தனர். அவர்கள் மனம் மாறினால் அரசே ஆடும். தக்கோலத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அந்த ஆபத்தைக் காட்டின. இராஜராஜன் காலத்திலும் அதை ஒட்டியும் இக்குடியினரின் பெயர்கள் கல்வெட்டுகளில் மெல்ல மங்குகின்றன. அவர்கள் இருந்த இடத்தில் மூவேந்தவேளான், பிரமராயன் போன்ற பட்டங்கள் பெற்ற அதிகாரிகள் வந்து அமர்கிறார்கள். பிறப்பால் வந்த அதிகாரத்தின் பக்கத்தில், அரசன் கொடுத்த பதவியால் வந்த அதிகாரம் வளர்ந்தது.

1001-ஆம் ஆண்டையொட்டி நாடளாவிய நில அளவை தொடங்கியது. அதை நடத்திய சேனாபதிக்கு உலகளந்தான் என்றே பட்டம். நன்செய், புன்செய் என்று நிலம் வகைப்படுத்தப்பட்டது. வேலி என்ற அளவு அடிப்படை. அதன் 320-இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரியின் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதற்கும் கீழே இன்னும் நுண்ணிய பின்னங்கள் கணக்கில் வந்தன. தமிழ்ப்பள்ளியில் வாய்பாடு ஒப்பித்த நமக்கு, அந்தக் காலத்துக் கணக்கனின் மூளையை நினைத்தால் தலை சுற்றும்.

ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பு எழுதப்பட்டது. அதிலிருந்து வரி இல்லாத இடங்கள் கழிக்கப்பட்டன. குடியிருப்பு, கோயில், குளம், ஊரின் ஊடே செல்லும் வாய்க்கால், கம்மாளச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். மீதி நிலத்துக்கே வரி. நாடு என்னும் பழைய பகுதிகள் பல சேர்ந்து வளநாடு என்ற புதிய பிரிவாயின. க்ஷத்ரியசிகாமணி வளநாடு, பாண்டியகுலாசனி வளநாடு, நித்தவினோத வளநாடு என்று அவற்றுக்கெல்லாம் அரசனின் பட்டப்பெயர்களே சூட்டப்பட்டன. முகவரி சொல்லும் ஒவ்வொரு முறையும் அரசன் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதிக் காத்த அலுவலகம் புரவுவரித் திணைக்களம். இலங்கைத் தமிழர் இன்றும் அரசாங்கத் துறையைத் திணைக்களம் என்றே அழைக்கிறார்கள். அரசன் வாய்மொழியாக ஓர் ஆணையிட்டால், அதைத் திருமந்திர ஓலை எழுதுபவன் எழுதுவான். ஓலைநாயகம் என்னும் மேலதிகாரிகள் ஒப்புநோக்குவார்கள். பிறகு வரிப்பொத்தகத்தில் பதிவாகும். ஒவ்வொரு படியிலும் பொறுப்பானவர் பெயர் இருக்கும். கையெழுத்தில்லாமல் கோப்பு நகராது என்று நாம் இன்று அரசாங்க அலுவலகங்களில் சலித்துக்கொள்ளும் நடைமுறைக்கு ஆயிரம் ஆண்டு வயது.

ஊரும் அரசும்

இவ்வளவு அதிகாரத்தைக் குவித்த அரசன் ஊர்ச்சபைகளை ஒழித்துவிட்டானா? இல்லை. இங்குதான் அவனுடைய அறிவு தெரிகிறது. வேளாளர் ஊர்களில் ஊர் என்ற அவை, பிராமணர் ஊர்களில் சபை, வணிகர் ஊர்களில் நகரம் என்பன அவனுக்கு முன்பே இருந்தன. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்வதை நாம் அறிவோம். அந்த அவைகளிடமே இராஜராஜன் வரி வசூலையும், நீர்ப்பாசனத்தையும், அறக்கட்டளைகளையும் விட்டுவைத்தான். ஆனால் மேலிருந்து கண்காணித்தான். வரி கட்டாமல் இழுத்தடிக்கும் காணியுடையோர் பிராமணரே ஆயினும் அவர்களின் நிலத்தை ஊரார் விற்றுவிடலாம் என்று அவனுடைய 24-ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று கூறுகிறது. உக்கல் என்னும் ஊரில் அது கல்லில் உள்ளது.

இது நெகிரி செம்பிலானில் வளர்ந்தவர்களுக்குப் புரிய எளிதான ஏற்பாடு. நம் மாநிலத்தில் சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய பகுதிகளின் உண்டாங்குகள் கூடி யாங் டி-பெர்துவான் புசாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலே ஓர் அரசர் வந்த பின்னரும் கீழே இருந்த பழைய அமைப்புகள் கரைந்துபோகவில்லை. சோழ நாட்டில் அரசனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது பெரிய வேறுபாடு. ஆயினும் அடித்தளத்தை இடிக்காமல் மேல்மாடி கட்டும் கலை இரண்டு இடத்திலும் உண்டு. அகஸ்டஸ் செனட் சபையை வைத்துக்கொண்டதும் இதே கலைதான். ஆனால் செனட் காலப்போக்கில் வெறும் பெயராயிற்று. சோழ நாட்டு ஊர்ச்சபைகளோ சோழர் மறைந்த பிறகும் சில காலம் உயிரோடு இருந்தன.

பெரிய கோயிலும் பெயர்ப்பட்டியலும்

1010-ஆம் ஆண்டு, தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில், தஞ்சை இராஜராஜேசுவரத்தின் விமானத்துக்குப் பொன் போர்த்த செப்புக் கலசத்தை அரசன் வழங்கினான். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. அதன் நிழல் தரையில் விழாது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நிழல் விழத்தான் செய்கிறது. அந்தக் கோயிலுக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை.

அதன் உண்மையான அதிசயம் அடித்தளச் சுவரில் இருக்கிறது. தான் கொடுத்தவை, தன் அக்காள் கொடுத்தவை, மனைவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டுமாறு அரசன் ஆணையிட்டான். மனைவியருக்கு முன்னே அக்காளை வைத்த அந்த வரிசையில் ஒரு தம்பியின் மனம் தெரிகிறது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற எடைக்கல், நகையை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல் எனத் தனித்தனியே இருந்தன. நகையில் எத்தனை முத்து, எத்தனை மணி என்பது வரை எழுதினார்கள்.

விளக்கெரிக்க ஆடு கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கோயிலின் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனது. வட்டி ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இலங்கையின் ஊர்கள் சிலவற்றிலிருந்தும் தஞ்சைக்கு நெல் வந்தது. கோயில் என்பது வழிபடும் இடம் மட்டுமன்று. அது வங்கி, களஞ்சியம், கலைக்கூடம், பெரும் வேலைத்தளம். பேரரசின் செல்வம் அங்கே வந்து சேர்ந்து, அங்கிருந்து மறுபடியும் ஊர்களுக்குப் பாய்ந்தது.

திருப்பதியம் பாட 48 பேர், உடன் உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவர் என ஐம்பதின்மர் நியமிக்கப்பட்டனர். நாளொன்றுக்கு ஒவ்வொருவருக்கும் முக்குறுணி நெல். ஆடல் மகளிர் 400 பேர் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் வந்த கோயிலும், குடியிருந்த தெருவும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. அவள் இறந்தால் அப்பங்கு தகுதியுள்ள நெருங்கிய உறவினருக்குப் போகும். அவர்கள் விரும்பி வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. இசைக்கலைஞர், தையற்காரர், வண்ணார், குயவர், தச்சர், கணக்கர் என எல்லாருக்கும் பங்கு உண்டு. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அரசனின் நாவிதன் பெயரும்கூட இடம்பெற்றுள்ளன.

நம் தோட்டத்துக் கோயில்களுக்குப் போனால் மின்விசிறியின் இறக்கையிலும் டியூப்லைட்டிலும் உபயம் என்று போட்டு ஒரு பெயர் எழுதியிருக்கும். விளக்கு வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்கும். நாம் கேலி செய்து சிரிப்போம். ஆனால் கோயிலுக்குக் கொடுத்தவரின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்ற அந்தப் பழக்கத்தின் வேர் மிக ஆழமானது.

எழுதப்படாதவர்கள்

இனி, இந்தப் பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் பறைச்சேரி வருகிறது என்று முன்னரே கண்டோம். தீண்டாச்சேரி என்ற சொல்லும் அக்கல்வெட்டுகளில் உண்டு. சேரி இருந்த நிலம் அளக்கப்பட்டது. அச்சேரியில் வாழ்ந்தவர் யார் என்று எழுதப்படவில்லை. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களின் பெயரும் இல்லை. முத்துக்கும் மணிக்கும் எண்ணிக்கை உண்டு. அந்த நூறு கலம் நெல்லை விளைவித்தவருக்கு இல்லை.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தது பெரும்பாலும் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்துதான். அவர்களில் பலர் நிலமற்ற வேளாண் கூலிகள், சேரிகளில் பிறந்தவர்கள். பெரிய கோயிலின் நிழலில் வாழ்ந்தும் உள்ளே போக முடியாதவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய நம் பாட்டன் பூட்டன்மாரில் எத்தனை பேர் இராஜராஜன் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்? சிரம்பானைச் சுற்றியும் போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் பக்கங்களிலும் லயத்து வீடுகளில் குடியேறியவர்களின் பெயர் செக்ரோலில் ஏறியது. கிராணியார் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். முனியம்மா என்ற பெயர் மூன்று விதமாக மாறியது. அந்தப் பெயர் பெரட்டில் கூப்பிடுவதற்கும் சம்பளம் பிடிப்பதற்கும் பயன்பட்டது.

ஆகவே இராஜராஜனை எண்ணி நாம் பெருமைப்படும்போது இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் நம் மொழியில் உலகம் வியக்கும் ஓர் அரசை நடத்தினான். அந்த அரசின் ஏட்டில் நம் முன்னோரில் பலருக்கு இடம் இல்லை.

கடாரத்திலிருந்து வந்த மடல்

நம் நாட்டோடு இராஜராஜனுக்கு இருந்த முதல் உறவு போர் அன்று. கடாரம் என்று தமிழர் அழைத்த கெடாவையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். சிவபக்தனான இராஜராஜன் ஏறத்தாழ 1006-இல், தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற ஏடுகளில் இந்தக் கொடை உள்ளது. அந்த ஒரே ஆவணத்தில் அரசனின் ஆணை, ஓலை எழுதியவர்கள், ஒப்புநோக்கியவர்கள், எல்லையைக் காட்டி யானை நடந்த வழி எல்லாம் பதிவாகியுள்ளன.

வேற்று நாட்டு வணிகரும் பிக்குகளும் தங்கள் சமயத்தோடு தன் துறைமுகத்தில் தங்க வேண்டும் என்பதில் அவனுக்குப் பொருளாதார அறிவும் இருந்தது, பெருந்தன்மையும் இருந்தது. அவன் சீனத்துக்கு அனுப்பிய தூதுக்குழு நீண்ட கடற்பயணத்துக்குப் பின் 1015-இல் சொங் அரசவையை அடைந்தது. அப்போது அனுப்பியவன் உயிரோடு இல்லை. அவனுடைய மகன் இராஜேந்திரன் 1025-இல் அதே கடாரத்தின்மீது கப்பற்படையை அனுப்பினான். நம் மேடைகளில் 1025 அடிக்கடி முழங்கப்படுகிறது. 1006-ஐயும் நாம் நினைவில் கொள்வது நல்லது.

இறுதியாண்டுகளும் மறதியும்

1012-இல் இராஜேந்திரனை இளவரசனாக்கி ஆட்சியில் பங்கு கொடுத்தான். தன் வாழ்வின் தொடக்கத்தில் வாரிசுச் சண்டையின் வாசலில் நின்றவன், தன் மகனுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று எண்ணியிருப்பான். திருவிசலூர்க் கோயிலில் எடைக்கு எடை பொன் வைத்துத் துலாபாரம் செய்தான். பட்டத்தரசி தந்திசக்தி விடங்கியான உலகமாதேவி அங்கே இரணியகர்ப்பம் புகுந்தாள். அரசனும் அரசியும் வாழ்ந்திருந்தபோதே கோயில் நிர்வாகியான ஆதித்தன் சூரியன் அவர்களின் செப்புத் திருமேனிகளைப் பெரிய கோயிலில் எடுப்பித்தான். 1014-இல், 29 ஆண்டுகள் ஆண்டபின், இராஜராஜன் மறைந்தான்.

மகன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழர் குலமே முடிந்தது. பாண்டியர், விஜயநகரத்தார், நாயக்கர், மராத்தியர், ஆங்கிலேயர் என்று தஞ்சை கைமாறியது. அதன்பின் நடந்ததுதான் வியப்பு. அவ்வளவு எழுதிவைத்தவனை ஊர் மறந்துவிட்டது. கோயில் நின்றது, பூசை நடந்தது, சுவரில் எழுத்தும் இருந்தது. ஆனால் அந்தப் பழைய எழுத்து வடிவத்தைப் படிப்பவர் இல்லை. பெரிய கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்று தலபுராணம் கதை சொன்னது. மக்கள் அதை நம்பினார்கள்.

1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹூல்ஷும், அவருடன் உழைத்த வெங்கய்யா போன்ற அறிஞர்களும் அச்சுவர்களைப் படியெடுத்துப் படித்தார்கள். கோயிலைக் கட்டியவன் முதலாம் இராஜராஜன் என்பது அதன் பிறகே உலகுக்கு உறுதியாயிற்று. பின்னர் வந்த நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் முதலியோர் முழு வரலாற்றை எழுதினார்கள். கல்கியின் நாவலுக்கும் திரைப்படங்களுக்கும் நம் மேடை முழக்கங்களுக்கும் மூலதனம் அந்தப் படிப்புதான்.

நம் கையில் உள்ள ஏடு

கல்லில் வெட்டினால் எழுத்து அழியாது என்று இராஜராஜன் நம்பினான். எழுத்து அழியவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லாமல் போனார்கள். படிக்க ஆள் இல்லாத எழுத்தும் எழுதப்படாத பெயரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன. தமிழ்மொழிக் கழகம் ஒன்றில் இருக்கும் நமக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தமிழைக் கைவிட்ட நண்பர்கள் நம் எல்லாருக்கும் உண்டு. வீட்டில் தாத்தா வைத்திருந்த நாட்குறிப்பை, கோயில் கணக்குப் புத்தகத்தை, சங்கத்துக் கூட்டக் குறிப்பை அவர்களால் படிக்க முடியாது. இன்னும் ஒரு தலைமுறை போனால் அவை தஞ்சைச் சுவர்போல் பேசாமல் நிற்கும். இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகின்றன. லயங்கள் இடிகின்றன. கோயில்கள் இடம் மாறுகின்றன. அப்படி இடம் மாறும்போது, கட்டிய ஆண்டையும் கொடுத்தவர் பெயரையும் தாங்கிய பழைய கல் பல நேரங்களில் குப்பையோடு போய்விடுகிறது.

அரசனுக்குச் சேனாபதியும் திணைக்களமும் இருந்தன. நமக்குக் கைப்பேசி இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தோட்டத்துக் கோயிலின் அடிக்கல்லைப் படமெடுத்து வரலாம். பாட்டியிடம் உட்கார்ந்து, எந்த மாவட்டம், எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதலாம். பெயரைச் செக்ரோலில் இருந்தபடி எழுதாமல், அவர் தாய் கூப்பிட்டபடி தமிழில் எழுத வேண்டும். மரம் சீவியவர், பால் சுமந்தவர், பிள்ளை மடுவத்தில் குழந்தை பார்த்த ஆயா என எல்லாரையும் எழுத வேண்டும். சோழன் விட்டுவைத்த இடம் அது. அதை நிரப்புவது நம் பொறுப்பு. கழகத்து நூலகத்தில் அதற்கென ஒரு கோப்பைத் திறந்துவைத்தால், வரும் ஆண்டில் சேரும் மாணவர்கள் தொடர்ந்து எழுதட்டும்; அதற்கடுத்து வருபவர்கள் படிக்கட்டும்.